குடத்துக்குள் ஆவுடைத்தங்கம்

ஊரணித் தெருக் குழாய்த் தண்ணியில் ஆவுடைத்தங்கத்தின் முகம் வர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வாரம் ஒருதரம் தண்ணி விடுகிற முறைப்படி தெருவே குடமும் அண்டாவுமாகக் குழாயடியில் குத்தவைத்துக் கிடந்த நேரத்தில்தான் என்பதில் யாருக்கும் ரெண்டு கருத்து கிடையாது. முதலில் பார்த்தது யார் என்பதில்தான் இன்றைக்கும் சண்டை. ரேஷன்கடையில் எடைபோட்டு ஓய்வுபெற்ற சண்முகையா தன் வீட்டு அண்டாவில்தான் முதலில் வந்தது என்பார். அவர் சம்சாரம் ராஜகனி, "அண்டாவைக் கழுவுனவ நான், பிடிச்சவ நான், பாத்தவ மட்டும் நீங்களாக்கும்?" என்பாள். யார் பார்த்தால் என்ன, அரைமணி நேரத்துக்குள் தெருவில் முகம் வராத பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

தண்ணி தளும்பி அடங்கினதும், குனிந்து பார்க்கிறவளின் முகம் தெரியவேண்டிய இடத்தில் ஆவுடைத்தங்கத்தின் முகம் தெரிந்தது. குடத்துக்குக் குடத்தளவு, சொம்புக்குச் சொம்பளவு. இழுத்துச் சீவின தலை, வெள்ளைக்கல் மூக்குத்தி, நெற்றியில் முத்துமுத்தாக வேர்வை, யாரையும் பார்க்காமல் கீழே தாழ்ந்த ரெண்டு கண், இடது கன்னத்தில் மட்டும் கறுப்பாக ஒரு தீற்று. கையை விட்டுக் கலக்கினால் கலையும், விட்டுவிட்டால் திரும்பக் கூடிவரும். "கன்னத்துல பாத்தீகளா, திருஷ்டிப் பொட்டு! ஆத்தாளே வச்சு அனுப்பியிருக்கா" என்றாள் ராஜகனி, அதற்குப் பிறகு அது திருஷ்டிப் பொட்டுதான் என்று ஆகிப்போனது.

வேறு யார் முகம் வந்திருந்தாலும் தெரு அலறியிருக்கும். ஆவுடைத்தங்கம் என்பதால் அலறவில்லை, வரவேண்டிய முகம்தானே வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. தெருவின் மேட்டு முனையில் முதல் வீடு அவளுடையது. இட்லி மாவு அரைத்து விற்கிறவள். புருஷன் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார், பிள்ளை இல்லை, அந்த வீட்டில் அவள் வளர்த்தது சுத்தம் ஒன்றைத்தான். அவள் வீட்டு ஈகூடக் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழையும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். முன்னொரு மழைக்காலத்தில் தெருவெல்லாம் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தபோது வீடுவீடாக ஏறி இறங்கியவள் அவள். "சூடு காட்டி இறக்குனா போதாதுத்தா, குமிழி போட்டுக் கொதிக்கணும்" என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று கொதிக்கவைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அதிலிருந்து எந்த வீட்டில் திறந்த குடத்தைக் கண்டாலும், "ஏத்தா, மூடி வை! கை விடாத! அகப்பை எதுக்கு இருக்கு?" என்று ஒரு சத்தம் போடாமல் போகமாட்டாள். அவளிடம் வசவு வாங்காத பெண்ணும் இல்லை, அவள் சொன்னதைக் கேட்காத வீடும் இல்லை.

ஆகவே முகம் வந்தது, தெரு அதற்குத் தக்கபடி நடந்துகொள்ள ஆரம்பித்தது. முதலில் சங்கடப்பட்டது ஆம்பளைகள்தான். குளிக்கிற வாளிக்குள் ஒரு பொம்பளை முகம், அதுவும் தெருவே பயந்து மரியாதை கொடுக்கிற முகம் கிடந்தால் எவன் துணியை அவிழ்ப்பான்? வாளிமேல் துண்டைப் போர்த்தி, துண்டுக்கு அடியில் கையைவிட்டுத் தடவித் தடவி மோந்து, கட்டின லுங்கியோடே குளித்துவிட்டு வந்தார்கள். குழாயடிச் சண்டை நின்றுபோனது. அவள் முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு எப்படிக் கெட்டவார்த்தை பேசுவது? பெண்பார்க்க வந்தவர்களைக் குடத்தடிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் காப்பி கொடுத்தார்கள். டீக்கடைக்காரர் பாய்லரில் ஊற்ற மனசு வராமல் ரெண்டு நாள் கடையை அடைத்துவிட்டு, பிறகு லாரித் தண்ணி வாங்கினார். தெருக்கோடியில் பீடி சுற்றுகிற பேச்சிக்கனியின் மகள் தர்ஷினி, இன்னும் பள்ளிக்கூடம் போகாத சின்னப்பிள்ளை, காலையில் எழுந்ததும் குடத்தைக் கட்டிப்பிடித்து, "ஆவுடை அத்தைக்கு முத்தம்" என்று தண்ணியில் வாயை வைத்து ஒரு முத்தம் கொடுத்து, அப்படியே நாலு மடக்குக் குடித்துவிட்டு நிமிரும். தெருவே அதைப் பார்த்துப் பூரித்தது.

கேடு வந்தது மரியாதையின் வழியாகத்தான். முதல் வாரம் ராஜகனி குடிதண்ணியை அடுப்பில் வைத்தாள், சூடு ஏற ஏற முகம் சுருங்கிக்கொண்டு போனது, பதறிப்போய் இறக்கிவிட்டாள். "எண்ணெய்ச் சட்டியில கையை விட்ட மாதிரி என் ஒடம்பு நடுங்கிப்போச்சு" என்று அவள் சொன்னதைக் கேட்ட பிறகு தெருவில் யார் குடிதண்ணியைக் கொதிக்கவைப்பார்கள்? அரிசி கழுவின கலங்கலில் முகம் தெரியாது, அதனால் சோறு பொங்கத் தடையில்லை; குடிக்கிறது மட்டும் பச்சையாகவே. சுகாதாரத்து நர்சம்மா வந்து குளோரின் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள், அதைப் போட்டால் குடத்துக்குள் இருக்கிறவள் கண் எரியுமே என்று மாத்திரையை எடுத்துச் சாமிபடத்துக்குப் பின்னால் வைத்தார்கள். குழாய் வாயில் துணி கட்டினால் மூச்சுமுட்டும் என்று துணியை அவிழ்த்தார்கள். மூடினால் இருட்டில் கிடப்பாளே என்று மூடியை எடுத்தார்கள். அகப்பை மண்டையில் இடிக்கும் என்று அதையும் விட்டு, கையாலேயே மோந்தார்கள். மோக்கிற சாக்கில் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் வைது வைது சொல்லிக்கொடுத்தது எல்லாவற்றையும், ஒன்று பாக்கியில்லாமல், அவளுக்குச் செய்கிற மரியாதை என்று விட்டார்கள்.

ஆவுடைத்தங்கம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்பீர்கள். வெட்கப்பட்டுச் செத்துக்கொண்டிருந்தாள்.

முகம் வந்த அன்றே ராஜகனி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தன் அண்டாவைக் காட்டினாள். சுற்றி நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். ஆவுடைத்தங்கம் குனிந்தாள், பார்த்தாள், அந்தக் கன்னத்துத் தீற்றைப் பார்த்ததும் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள். திருஷ்டிப் பொட்டாவது ஒன்றாவது! அது எந்த நாளில், எந்த நிமிஷத்தில், எதனால் விழுந்த தீற்று என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

போன கோடையில் தண்ணி குறைந்துபோய் மாவுக்கு ஊறப்போடவே காணாத நாளில், பக்கத்து ஊர்ப் பிளம்பர் ஒருவனைக் கூட்டிவந்து, தெருக் குழாயிலிருந்து தன் வீட்டுக்குப் பிரிகிற இணைப்பில் நேராக ஒரு மோட்டாரை வைத்துவிட்டாள். அப்படி வைத்து உறிஞ்சினால் பள்ளத்தில் இருக்கிற வீடுகளுக்குச் சொட்டுத் தண்ணி போகாது, அது குற்றம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நகராட்சி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அதைச் சொல்லிக்கொண்டு போனபோது வாசலில் நின்று, "நல்லா சத்தமாச் சொல்லுங்க தம்பி, நாலு பேரு திருந்தட்டும்" என்றவளே அவள்தான். மோட்டார் குளியலறைக் குழிக்குள், கவிழ்த்த பிளாஸ்டிக் தொட்டிக்கு அடியில் இருந்தது. அது ஓடுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று, தண்ணி விடுகிற செவ்வாய்க்கிழமை காலையில் கிரைண்டரில் அரிசியே போடாமல் வெறுங்கல்லை ஓடவிடுவாள். "பாருங்களேன், விடியுமுன்ன மாவாட்ட ஒக்காந்துட்டாக" என்று தெரு அதையும் மெச்சியது.

மோட்டாரின் உதறலில், வாசலுக்கு முன்னால் சாக்கடைக்குள் கிடந்த இணைப்பு, முகம் வருவதற்குச் சில வாரம் முன்னால் ஒருநாள் விட்டுக்கொண்டது. சாக்கடையில் தண்ணி கொப்பளித்தது. யாராவது கண்டு நகராட்சிக்குச் சொன்னால், தோண்டுவார்கள், தோண்டினால் மோட்டார் வரைக்கும் போகும். மத்தியானம், தெருவே சாப்பிட்டுவிட்டு டிவி சீரியலில் கிடந்த நேரம் பார்த்து, தெருவின் சுத்தக்காரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கடைக் கல்லில் குப்புறப் படுத்து, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கினாள். அது போதாமல், அம்மன் கோவில் கொடைக்கு முளைப்பாரி எடுக்கும்போது கட்டின அரக்குநிறச் சுங்குடிச் சேலையின் முந்தியில் ஒரு முழம் கிழித்து அதன்மேல் கட்டினாள். வேர்வை கண்ணில் இறங்கவே புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கசிவு நின்றதா என்று கண்ணைத் தாழ்த்திக் கீழே பார்த்தாள். குடங்குடமாகத் தெரு கும்பிட்டுக்கொண்டிருந்தது அந்தப் பார்வையைத்தான்.

வெளியே கசிகிறது நின்றுபோனது. உள்ளே வருகிறதைப் பற்றி அவள் நினைக்கவில்லை. மோட்டார் இழுக்கிற இழுப்பில் அந்தக் கட்டு வழியாகச் சாக்கடையும் உள்ளே வரும், தண்ணி நிறுத்தின பிறகு வெறுங்குழாய்க்குள் வாரம் முழுக்கத் தானாகவே ஊறி இறங்கும், அடுத்த செவ்வாய் தெருவுக்கெல்லாம் அதுதான் முதலில் போகும் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மறுவாரமே தன் வீட்டுத் தண்ணியில் லேசாக ஒரு வாடை தட்டியதே, அந்த மூக்குக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது. தெரிந்து என்ன செய்தாள்? கேன் தண்ணிக்குச் சொல்லிவிட்டாள். மாவு சீக்கிரம் புளிக்காமல் இருக்கிறதுக்கு என்று கேட்டவர்களிடம் சொன்னாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் கேனை வைத்து, மாவுக்கும் அதுதான், தன் வாய்க்கும் அதுதான். தெருவில் தன் முகத்தைக் குடிக்காத ஒரே ஆள் அவள்.

முகம் வந்த அன்றைக்கே மோட்டாரை நிறுத்திவிட்டாள், வழக்கம் மாறினால் சந்தேகம் வரும் என்று கிரைண்டரை மட்டும் ஓடவிட்டாள். மறுவாரமும் முகம் வந்தது. கட்டு அங்கேயேதான் கிடக்கிறது, சாக்கடையும் அங்கேயேதான் ஓடுகிறது, மோட்டார் நின்றால் மட்டும் போதுமா? பிறகு மெல்ல ராஜகனி வீட்டுக்குப் போனாள்.

"ராஜகனி, தண்ணியைக் கொதிக்கவச்சுத்தான குடிக்கீக?"

"நல்லா கேட்டீக மதினி! ஒங்களையா? அந்தப் பாவத்தை எந்தத் தண்ணியில கொண்டு கழுவ?"

"முகம் கெடந்தாக் கெடக்கட்டும், அது வெறும் தண்ணிதான. நான் சொல்லுதேன், கொதிக்க வை."

"நீங்க சொல்லுவீக. ஒங்க மனசு அப்படி. எங்களுக்கு மனசு வரணுமே?"

இன்னும் ஒரே ஒரு வார்த்தை, தண்ணி கெட்டுக் கிடக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்போது உள்ளேயிருந்து சண்முகையா வந்து, "இந்த வருசக் கொடைக்கு முத முளைப்பாரி ஒங்க தலையிலதான் தங்கச்சி. தெருவே கூடி முடிவு பண்ணியாச்சு, மறுப்புச் சொல்லக்கூடாது" என்றார். ஆவுடைத்தங்கம் தலையாட்டினாள். பின்னாளில் யோசிக்கும்போது, மோட்டார் வைத்ததற்கும் சாக்கடையில் கைவிட்டதற்கும் கூடக் கூசாத அளவுக்கு அந்தத் தலையாட்டலுக்குத்தான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதன்பிறகு அவள் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டாள். வாசலில் யாராவது மாவு வாங்க வந்து காலைத் தொட்டால், அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி உள்ளே ஓடிவிடுவாள். கண்ணாடி பார்க்கிறதை விட்டுவிட்டு, பொட்டைத் தடவிப் பார்த்து வைத்துக்கொண்டாள். அங்கங்கே வயிற்றுவலி, அங்கங்கே காய்ச்சல் என்று காதில் விழுந்தது. வெயில் சூடு என்றது தெரு. அவளும் ஆமாம், வெயில் என்றாள். வெயிலுக்கு வாய் இல்லை, பாவம், யார் எதைச் சுமத்தினாலும் தாங்கிக்கொள்ளும்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பேச்சிக்கனி வந்தாள். புருஷன் திருப்பூரில், இவள் இங்கே பீடித்தட்டும் புகையிலையும் பிள்ளையுமாகக் காலத்தை ஓட்டுகிறவள். தலை அவிழ்ந்து கிடந்தது, கையில் ஒரு தூக்குவாளி.

"மதினி, தர்ஷினி பெரியாஸ்பத்திரியில கெடக்கா. வயித்தால நிக்காமப் போகுது. கண்ணு உள்ள போயிருச்சு, கூப்பிட்டா பாக்க மாட்டேங்கா. கையில ஊசி குத்தி மருந்து ஏத்துதாக."

ஆவுடைத்தங்கம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பச்சத் தண்ணியையா குடுத்தன்னு அங்க நர்சம்மா கேட்டாக. ஆமான்னேன். கொதிக்கவைக்க என்ன கேடுன்னு ஏசுனாக. நான் என்னத்தச் சொல்ல? ஒங்க மூஞ்சியை எப்படி மதினி அடுப்புல வைப்பேன்?" பேச்சிக்கனி வாளியை நீட்டினாள். "ஒங்க வீட்டுத் தண்ணி கொஞ்சம் தாங்க. ஒங்க கையால குடுத்தா பிள்ளைக்கு எறங்கும்."

ஆவுடைத்தங்கம் உள்ளே போனாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் குனிந்து கேனைச் சாய்த்து வாளியை நிரப்பினாள். நல்ல தண்ணி, சுத்தமான தண்ணி, பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது, இதையாவது செய்கிறேனே என்று ஒரு நினைப்பு. வெளியே கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சிக்கனி வாங்கி வாளிக்குள் குனிந்து பார்த்தாள். அவளுடைய அழுத முகம்தான் அதில் தெரிந்தது. வாளியைச் சாய்த்துப் பார்த்தாள், வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஒங்களைக் காணோமே மதினி" என்றாள். அப்புறம் அவள் உதடு கோணிப்போனது. "என் பிள்ளை மேல கோவமா? தெனமும் எச்சி வாயோட முத்தம் குடுத்தாளே, அதுக்கா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீக? பச்சப்பிள்ளை மதினி, அதுக்கு என்ன தெரியும்?"

பேச்சிக்கனி வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் பிள்ளை எச்சில் வாயால் சாமியைத் தொட்டுவிட்டது என்று அழுதுகொண்டே பஸ்ஸுக்குப் போனாள். ஆவுடைத்தங்கம் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மண் பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று சொல்வார்களே, அப்படி அவள் கேட்டாள். மண் ஒன்றும் பிளக்கவில்லை, மாவு வாங்க ஆள்தான் வந்தது.

விடிந்தால் செவ்வாய்க்கிழமை. தண்ணி வந்தது, தெரு குழாயடியில் கூடியது, குடத்துக்குக் குடம் முகம் நிறைந்தது. மேட்டு வீட்டில் கிரைண்டர் ஓடவில்லை. ஆவுடைத்தங்கம் வெளியே வந்து தெருவின் நடுவில் நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. அந்தத் தண்ணியக் குடிக்காதீக. நான் களவா மோட்டார் வச்சு உறிஞ்சினேன். அதுல கொழா விட்டுப்போயி, சாக்கடைத் தண்ணி உள்ள எறங்குது. கொழந்தை கெடக்கது அதாலதான்."

தெரு அவளைப் பார்த்தது. பிறகு சண்முகையா கண் கலங்கி, ரெண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். "பாத்தீகளா? எவனோ செஞ்ச பாவத்தைத் தன் தலையில ஏத்துக்கிடுதாக! பிள்ளை நோயையும் வாங்கிக்கிடுதாக!" பெண்கள் குலவை போட்டார்கள்.

"குலவை போடாதீகடி!" என்று கத்தினாள் ஆவுடைத்தங்கம். உள்ளே ஓடி, தொட்டியைப் புரட்டித் தள்ளி, மோட்டாரைப் பிடுங்கிக் கொண்டுவந்து தெருவில் போட்டாள். அதிலிருந்து தண்ணி வடிந்தது. "நல்லாப் பாருங்க!"

"கிரைண்டர் மோட்டாரைக் கழட்டிக் கொண்டாந்துட்டாகளே, பாவம், பிள்ளைக் கவலையில நெலை தடுமாறுது" என்றாள் ராஜகனி. ஓடிவந்து முந்தியால் அவளுக்கு விசிறினாள்.

மரியாதையை எதைக்கொண்டு உடைப்பது? திட்டினால் அருள்வாக்கு என்கிறார்கள், உண்மையைச் சொன்னால் பெருந்தன்மை என்கிறார்கள். ஆவுடைத்தங்கம் ராஜகனியின் கையைத் தட்டிவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, சாக்கடைக் கல்லில் குப்புறப் படுத்து, அந்தக் கறுப்புத் தண்ணிக்குள் முழங்கை முங்கக் கையை விட்டாள். "ஐயோ மதினி!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். அவள் துழாவினாள், பிடித்தாள், இழுத்தாள். முதலில் சைக்கிள் டியூப் அறுந்து வந்தது. பின்னாலேயே, பாசிபிடித்து நாறிப்போய், அரக்குநிறச் சுங்குடி ஒரு முழம் வந்தது. கட்டு விட்டதும் குழாய்த் தண்ணி சாக்கடைக்குள் குபுகுபுவென்று கொப்பளித்தது, சாக்கடை நுரைத்துச் சுழன்றது, எது எதற்குள் போகிறது, எது எதிலிருந்து வருகிறது என்று பார்க்கக் கண் உள்ள எல்லாரும் பார்த்தார்கள். அவள் எழுந்து உட்கார்ந்தாள். வேர்வை கண்ணில் இறங்கியது. புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, தலைநிமிர முடியாமல், கண்ணைத் தாழ்த்திக் கீழே பார்த்தாள்.

இடது கன்னத்தில் கறுப்பாக ஒரு தீற்று.

ராஜகனி அவளைப் பார்த்தாள், இடுப்பில் இருந்த குடத்துக்குள் பார்த்தாள், திரும்ப அவளைப் பார்த்தாள். ஒரு மயிர் வித்தியாசம் இல்லை. அந்தச் சுங்குடிச் சேலையும் அவளுக்குத் தெரியும், கொடையில் பக்கத்தில் நின்று முளைப்பாரி தூக்கினவளே அவள்தான். குடத்தைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, வாரக்கணக்கில் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்தக் கையைச் சேலையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

யாரும் வையவில்லை. வைதிருந்தால் தேவலை என்றிருந்தது ஆவுடைத்தங்கத்துக்கு. ஒரு கல்லை எடுத்து எறிந்திருந்தாலும் அதை ஒரு கணக்காக வைத்துக்கொண்டு அழுதிருப்பாள். பிறகு சண்முகையா, "யாராவது போயி வால்வை அடைக்கச் சொல்லுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் பக்கம் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்.

முதலில் அடுப்பு மூட்டியது ராஜகனி. வாசலிலேயே கல்லைக் கூட்டி விறகை வைத்து அண்டாவை ஏற்றினாள். அப்புறம் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எரிவாயு உள்ளவர்கள் உள்ளே, இல்லாதவர்கள் தெருவிலேயே. சாமிபடத்துக்குப் பின்னாலிருந்து மாத்திரையை எடுத்தார்கள், பரணிலிருந்து மூடியை இறக்கினார்கள், அகப்பையைத் தேடிக் கழுவினார்கள். ஒவ்வொரு பானையிலும் முகம் சுருங்கியது, குமிழி கிளம்பியது, முகம் உடைந்து போனது. சாக்கடைக் கல்லில் உட்கார்ந்திருந்த ஆவுடைத்தங்கத்தின் முகத்தில் ஒவ்வொரு பானைக்கும் ஒவ்வொரு சூடு ஏறியது. நெற்றி எரிந்தது, காது எரிந்தது, மூக்குத்தி கொள்ளிபோலச் சுட்டது. அவள் முந்தியை எடுத்து மூடிக்கொள்ளவில்லை. கொதிக்கட்டும், நல்லாக் கொதிக்கட்டும், சூடு காட்டி இறக்குனா போதாது என்று அவள் வாய் முணுமுணுத்தது.

பின்னால் நகராட்சிக்காரர்கள் வந்து குழாயைச் சாக்கடையை விட்டுத் தள்ளி வேறு தடத்தில் பதித்ததும், அவளுக்கு அபராதம் போட்டதும், தர்ஷினி கண்விழித்து இட்லி கேட்டதும் எல்லாம் நடந்தது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. அன்றைக்குத் தெருவில், குடத்தில் முகம் இருந்தும் மூட்டாமல் கிடந்தது பேச்சிக்கனியின் அடுப்பு ஒன்றுதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் பேச்சிக்கனி பிள்ளைக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தாள். தெருமுனையிலேயே யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். ஆவுடைத்தங்கத்தைத் தாண்டிப் போனாள், நிற்கவில்லை, திரும்பவில்லை. ஆவுடைத்தங்கம் எழுந்து, காய்ந்த சேறு உதிர உதிர அவள் பின்னாலேயே தெருக்கோடி வரைக்கும் நடந்தாள். வாசலோடு நின்றுகொண்டாள்.

வீட்டுக்குள் குடம் திறந்தபடி இருந்தது. பேச்சிக்கனி அதைத் தூக்கிப் பானையில் ஊற்றினாள். தண்ணி அடங்கியது, முகம் கூடியது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, தீப்பெட்டியை எடுத்து வாசல்பக்கம் நீட்டினாள்.

"நீங்களே வந்து பத்தவைங்க மதினி. எனக்குக் கை வரல."

ஆவுடைத்தங்கம் உள்ளே வந்தாள். குச்சியைக் கிழித்து, சுள்ளியில் வைத்து, ஊதினாள். தீ பிடித்தது. ரெண்டு பேரும் பானையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். முகம் மெல்ல நடுங்க ஆரம்பித்தது. அடியிலிருந்து ஒன்றிரண்டு குமிழி கிளம்பிக் கன்னத்துத் தீற்றைக் கரைத்தது. அப்போது, இத்தனை நாளாக யாரையும் பார்க்காமல் தாழ்ந்தே கிடந்த அந்தக் கண் ரெண்டும் நிமிர்ந்து ஆவுடைத்தங்கத்தைப் பார்த்தன. அவளும் பார்த்தாள், பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. தண்ணி தளதளவென்று கொதித்து முகம் மேலுங்கீழுமாகப் புரண்டு காணாமல்போகிற வரைக்கும் பார்த்தாள்.

பேச்சிக்கனி பானையை இறக்கி வைத்தாள். பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஆறட்டும். மூடி வைங்க மதினி. கை விட்டிராதீக."

ஆவுடைத்தங்கம் தட்டை எடுத்தாள். விரல் இடுக்கெல்லாம் சாக்கடைச் சேறு காய்ந்துபோயிருந்தது. அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். பேச்சிக்கனி வேறொரு தட்டை எடுத்துக் கழுவி, பானையை மூடினாள்.